ஈசானிய மூலையில் இட்ட குங்குமம்

அலைகடல் நடுவே அறிதுயில் கொண்டும் அடியேன் ஊரின் சிற்றேரியை மறவாத பெருமானே, என் பிழையை நானே சொல்லப் புகுகிறேன், துணை நில். வைகுண்ட ஏகாதசியாகிய இந்நன்னாளில் இதை எழுதுகிறேன்.

1991-இல், ஒரகடத்துக்கு அருகே எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் நந்தவனம் என் பொறுப்பில் இருந்தது. மனைவி மறைந்தபின் எனக்கு எஞ்சிய கைங்கரியம் அது ஒன்றே. நந்தவனத்துக்கு ஏரி நீர். ஏரிக்கோ வடகிழக்கே காப்புக்காட்டிலிருந்து இறங்கும் கால்வாய். பாதி தூர்ந்து, வேலிகாத்தான் முள் மூடினாலும் மழைநீரைக் கொண்டுவந்த அக்கால்வாயைப் புதிய வரைபடங்கள் அறியா. வாலாஜாபாத்தில் பழைய காகிதக் கடையொன்றில் நான் வாங்கிய, வெள்ளைக்காரர் காலத்து நில அளவைப் படத்தில் மட்டும் அது மெல்லிய நீலக்கோடாக ஓடியது. மாலைகளில் அக்கோட்டை விரலால் தொடர்ந்து காட்டுக்குள் போய் வருவேன். வீட்டில் பேச வேறு எவருமில்லை.

தொழிற்சாலைச் சாலைக்கு அளக்க வருகிறார்கள் என்று தெரிந்தது. கால்வாய்க்குச் சான்று காட்டினால் சாலைக்கு அடியில் சிறுபாலம் வைப்பார்கள். இல்லையேல் மண் கொட்டி மூடிவிடுவார்கள். அதற்கு முன் சரஸ்வதி பூஜை வந்தது. நூல்களோடு படத்தையும் அடுக்கி, படத்தின் வடகிழக்காகிய ஈசானிய மூலை தெய்வத்துக்குரியது என்று அங்கே சந்தனம் குழைத்து அப்பிக் குங்குமம் இட்டேன். உலருமுன் மடித்தும் வைத்தேன்.

ஏரிக்கரையில் அளவையாளர் படத்தை விரித்தார்.

“கால்வா எங்க கீது, சாமி?”

“வடகிழக்கு மூலையைப் பாருங்கோ, சார். காட்டிலேர்ந்து இறங்கறது.”

“இங்க பொட்டுதான் கீது. மேப்புக்கு வளைகாப்பு நடத்திட்டீங்களா?”

உடன் வந்தவர்கள் சிரித்தனர். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு காகிதத்தின் தோலும் நீலக்கோடும் உரிந்து வந்தன.

“சத்தியமா இருந்தது, சார்.”

“இருந்திருக்கும், சாமி. ஆனா உங்க சத்தியத்த ஃபைல்ல வெக்க முடியாதே.” அவர் குரலில் இரக்கம் இருந்தது.

சாலை வந்தது, பாலம் வரவில்லை. அடுத்த பங்குனியில் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. மல்லிகை கருகிற்று. தெருக்குழாயில் குடம் பிடித்துத் துளசியை மட்டும் காத்தேன். பெருமானுக்குச் சாற்றும் மாலை நாள்தோறும் சுருங்கி ஒரு சாணாயிற்று. அதை அர்ச்சகரிடம் நீட்டிவிட்டு, பெருமானின் முகம் பாராமலே திரும்பிவிடுவேன்.

இதைப் படிப்போர் யாவர் நிலத்துக்கும் நீர் வழி தவறாது வந்து சேர்க. அவர்கள் மனைகள் பேச்சொலியால் நிறைக.