பத்தாவது வேட்டு

பெரார்கஞ்சிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் பச்சைக்காடு திடீரென்று நின்றுவிடும். அங்கேதான் எங்கள் கல்குவாரி. தீவைச் சுற்றிலும் கடல், வருஷத்தில் எட்டு மாதம் மழை. ஆனால் தை முடிந்துவிட்டால் பாலைவனம்தான். வாழையிலை வெள்ளை, நாய் வெள்ளை, சோற்றிலும் கல்மாவு. முப்பது தகரக் கொட்டகைகளுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். அதை ஓட்டுகிறவன் நான்.

சொர்ணம்மா அங்கே ஜல்லி உடைப்பவள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. மதியம் பாறைக்குழிகளில் திரியைக் கொளுத்திவிட்டு எல்லோரும் ஓடிவந்து மறைவில் உட்காருவோம். எத்தனை குழியோ அத்தனை வேட்டு கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்று யாரும் பாறை ஏறக் கூடாது. வெடிக்காத மருந்து உள்ளே காத்திருக்கும். இரண்டு வேட்டு சேர்ந்து விழுந்தாலும் பிரித்துச் சொல்லும் காது சொர்ணம்மாவுக்கு. "கித்னா, அம்மா?" என்று ராஞ்சிக் கூலிகள் இந்தியில் எண்ணிக்கை கேட்பார்கள். அவள் விரல் காட்டினால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

போன பிப்ரவரியில் ஒருநாள் பத்துக் குழி. அவள் ஒன்பது விரலைக் காட்டினாள்.

"ரெண்டு சேந்து விழுந்துச்சும்மா. பத்துதான்," என்றார் சூப்பர்வைசர் நந்தகுமார். படகுத்துறை கட்டும் வேலைக்குக் கல் ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன.

"ஒம்பதுதான். இன்னைக்கு யாரும் ஏறாதீக."

அவள் புருஷன் முத்துவீரன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான். "சும்மா கெட. சாரு சொல்றாருல்ல," என்று ஏறினான். கடப்பாரையை ஊன்றிய இடத்தில் பத்தாவது வேட்டு வெடித்தது. உயிர் பிழைத்தான், இடது கை மணிக்கட்டோடு போயிற்று.

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் சொர்ணம்மா அவனுக்குச் சோறு ஊட்டினாள். பதினேழாம் நாள் விசாரணைக்கு ஆபீசர் வந்தார். முத்துவீரன் கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னான்: "என் சம்சாரம் பத்துன்னு சொன்னா சார். அத நம்பித்தான் ஏறுனேன்."

அவள் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. நந்தகுமார் அவனுக்கு கேட் வாட்ச்மேன் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரியும். மறுநாள் ஆபீசர் குவாரிக்கு வந்து, அவள் பத்து என்றுதான் சொன்னாளா என்று எங்களைக் கேட்டார். ஆளாளுக்குத் தலையாட்டினோம், நானும்தான். சூப்பர்வைசர் தப்பு என்று குவாரியை ஒரேயடியாக மூடிவிட்டால் யாருக்குத் தண்ணீர் ஓட்டுவது? வெட்கங்கெட்ட காரணம், ஆனால் அதுதான் காரணம்.

அவள் எங்களைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அவரு கை போனதுக்கு அழுதேன். இதுக்கு அழ மாட்டேன்," என்று லாரியடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி வேட்டு வைத்தார்கள். எட்டுக் குழி. புகை அடங்கியதும் பழக்கதோஷத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கித்னா, அம்மா?"

"எட்டு, எட்டு. சலோ, ஏறுங்க," என்றார் நந்தகுமார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, கேட்டில் நின்ற முத்துவீரனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து அவள் முன்னால் குந்தினான்.

"எத்தன கேட்டுச்சு, சொர்ணம்? சொல்லு. நாலு பேரு உசுரு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னதாச் சொல்லத்தான் ஒங்களுக்குத் தெரியுமே. இதையும் நீங்களே சொல்லிக்கிருங்க."

சுத்தியலை எடுத்துக்கொண்டு ஜல்லிமேட்டுக்கு நடந்தாள். அன்று யாரும் பாறை ஏறவில்லை.