அந்தரத்தில் புஷ்பமேரி

புஷ்பமேரிக்கு முப்பத்திரண்டு வயசு, மூன்று பிள்ளைகள், நல்ல கனத்த உடம்பு. அவளைத் தூக்க நாலு ஆள் வேண்டும். ஆனால் அவள் புருஷன் சவரிராயன் ஒரு விரல்கூட வைக்காமல் அவளை அந்தரத்தில் நிறுத்திவிடுவான். வாரம் முழுக்கப் பஞ்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேஜிக்காரன், பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே சவரி'. கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று மூன்று வருஷமாக அவள் மிதந்துகொண்டுதான் இருந்தாள்.

மிதப்பதில் ஒரு சுகமும் கிடையாது. திரைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தூண். அதிலிருந்து வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த கம்பி ஒன்று சவரிராயன் இடுப்பை ஒட்டி வந்து, அவள் படுத்திருக்கும் பலகையைத் தாங்கும். அந்தக் கம்பியை மறைத்து நிற்பதுதான் அவன் வேலை. முட்டுக் கொடுத்த இரண்டு நாற்காலிகளையும் உருவிவிட்டு, ஒரு வளையத்தைத் தலைப்பக்கம் நுழைத்துக் கால்பக்கம் எடுப்பான். கம்பியின் வளைவால் வளையம் எங்கும் முட்டாது. சனங்கள் வாயைப் பிளப்பார்கள். மயங்கிக் கிடப்பதுபோல் நடிக்கும் புஷ்பமேரிக்கோ முதுகில் ஆணி குத்தும்.

1978-இல் மாதா திருவிழா மேடையில் ஏற சவரிராயன் ஆசைப்பட்டான். கோவில் உபதேசியார் அமலநாதன் சும்மா இருப்பாரா? பேய் வேலை என்று பங்குச் சாமியார் காதில் ஓதிவிட்டார். சாமியார் இருவரையும் கூப்பிட்டார்.

"எப்படிச் செய்யிறேன்னு சொல்லிடு சவரி. சொல்லலைன்னா மேடையும் கெடையாது, ரெண்டு பேருக்கும் நன்மையும் கெடையாது."

"தொழில் ரகசியம் சாமி. வேணும்னா நேர்ல வந்து பாருங்க."

புஷ்பமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு மூத்த மகளுக்குப் புதுநன்மை, பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். பெற்றவள் நன்மை வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் தெருவே சிரிக்காதா?

"ஒரு கம்பிக்காவ என்னைப் பேயாக்கிட்டியேய்யா!" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பங்கு மண்டபத்தில் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் சாமியாரும் உபதேசியாரும் மட்டும். நாற்காலிகள் போயின. வளையம் போய் வந்தது. புஷ்பமேரி கண்ணிடுக்கில் பார்த்தாள். சாமியார் முகம் வெளிறியிருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தாள்.

அப்போது கோவிலில் ஆறு மணி செபத்துக்கு மணி அடித்தது.

அந்த மணி கேட்டதும் மண்டியிடச் சின்ன வயசிலிருந்து பழகிய உடம்பு யாரைக் கேட்கும்? முசியே சவரி, கையில் வளையத்தோடு, பொத்தென்று முழங்காலில் விழுந்தான். இடுப்பு மறைத்திருந்த கம்பி, கிரீஸ் தடவிய பளபளப்போடு, எல்லார் முன்னாலும் நின்றது. மயக்கத்தில் இருந்தவளின் கையும் தானாக எழுந்து சிலுவை போட்டது.

உபதேசியார் கண்ணை இறுக மூடி உருகிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புஷ்பமேரி ஒரு கண்ணைத் திறந்தாள். சாமியாரும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கண் கம்பி வழியே திரை வரைக்கும் போய்த் திரும்பி, அவள் முகத்தில் வந்து நின்றது. அவளுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி சந்தோஷம்.

செபம் முடிந்ததும் சவரிராயன் அவசரமாக எழுந்து கம்பியை மறைத்தான். யாரும் பார்க்கவில்லை என்ற தெம்பு அவனுக்கு.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மேடை குடுத்துடலாம்" என்றார் சாமியார்.

"எப்படி சாமி அவ்ளோ உறுதியா சொல்றீங்க?" என்றார் உபதேசியார்.

"இப்பதான், செபத்துல தெரிஞ்சுது."

உபதேசியார் பக்தியோடு தலையாட்டினார். சாமியார் மேடைப் பக்கம் வந்து, சவரிராயன் காதருகே குனிந்தார்.

"திருவிழா அன்னிக்கு, ஆறு மணி அடிச்சப்புறம் ஆரம்பி."

அந்தரத்தில் கிடந்தபடியே புஷ்பமேரி சிரித்தாள். பலகை குலுங்கியது.