இரண்டாம் இடத்துச் சனி

இரண்டாம் வீட்டில் சனி இருந்தால் கையில் காசு தங்காது, சொல்லுக்கு மதிப்பு இருக்காது, தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் வராது என்பது விதி. ஆனால் அந்த வீடு சனியின் சொந்த வீடாக இருந்தால் மேற்படி பலன்கள் பொருந்தா. பணம் தாமதமாக வரும், வந்தது போகாது. இதுவும் அதே விதிதான், அடுத்த வரி. எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் உத்தியோகக் காலம் முழுவதும் விதிப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். நம்பாத விதியானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அமல்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. என் தங்கையின் விஷயத்தில் அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை.

எங்கள் அப்பா ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும், கட்டம் போடத் தெரியும். அந்த அளவு தெரிந்தவர்களால்தான் அதிக சேதம் ஏற்படுகிறது. தங்கை பிறந்ததும் கட்டம் போட்டார், இரண்டில் சனி என்று கண்டார், மடித்து வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு நடைமுறை ஏற்பட்டது. தீபாவளிக் காசை எங்களுக்குக் கையில் கொடுப்பார். அவளுக்குத் தட்டில் வைத்துக் காட்டிவிட்டு அம்மாவிடம் கொடுப்பார். பீரோவை அவள் திறக்கக் கூடாது. வரன் வந்தபோது அப்பாவே முன்கூட்டி, நேர்மையாக, பெண்ணுக்கு இரண்டாம் இடம் சரியில்லை என்று தெரிவித்தார். இரண்டு மூன்று இடங்களில் தெரிவித்த பிறகு தெரிவிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கோபாலபுரத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் அவள் கணக்கு டீச்சரானாள். சம்பளக் கவரைப் பிரிக்காமல் பெரியண்ணாவிடம் கொடுப்பாள். அவர் அதைச் சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு வேண்டியதை எடுத்து அவளிடம் தருவார். பெரியண்ணா கெட்டவர் இல்லை. அவள் கையில் கரைந்துவிடக் கூடிய பணத்தைத் தான் காப்பாற்றுவதாகவே கடைசிவரை நம்பினார். மந்தைவெளியில் ஒரு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றை அவள் சம்பளத்தில்தான் வாங்கினார், தன் பேரில். ராசியான பேரில் பத்திரம் பண்ணுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. பெண்டாட்டி ராசிக்காரி என்றால் அவள் பேரில், மூத்த பிள்ளை ராசிக்காரன் என்றால் அவன் பேரில். பணம் போட்டவர் பெயர் பத்திரத்தில் எங்கும் இருக்காது.

நான் உத்தியோகம் முழுவதும் வெளியூர்களில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று ஆதம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். காலையில் சில நாட்கள் அவள் குடியிருந்த மந்தைவெளி ஃப்ளாட்டுக்குப் போய் அவளோடு மார்க்கெட்டுக்கு நடப்பேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காய்காரி கடையை விரித்து வெகுநேரமாகியும் இவள் ஓரமாகப் பையோடு நிற்பாள். வேறு யாராவது முதலில் வாங்கிப் போன பிறகுதான் கிட்டே போவாள். தன் கையால் போணி ஆனால் அந்தப் பெண்ணின் வியாபாரம் கெட்டுவிடும் என்று அவளுக்குப் பயம்.

காய்காரிக்கு இது புரியவில்லை. "இன்னாம்மா, டெய்லி வந்து சும்மா நின்னுக்கினே கீற? எங்காண்ட வாங்க மனசில்லியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ போணி பண்ணிக்கோம்மா, நான் அப்புறமா வாங்கிக்கறேன்" என்றாள் என் தங்கை. பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள்.

பெரியண்ணா திடீரென்று மாரடைப்பில் போனார். மன்னி அவருக்கு முன்பே போய்விட்டாள். ஒரே பிள்ளை, அமெரிக்காவில். காரியங்களுக்கு வந்தான், அழுதான், வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றான். தாசில்தார் ஆபீசில் எந்த மேஜைக்கு அடுத்து எந்த மேஜை என்று எனக்குத் தெரியும். அவன் ஊருக்குத் திரும்புவதற்குள் வாங்கிக் கொடுத்தேன். உயில் இருக்கும், அதில் ஃப்ளாட்டைத் தங்கைக்கு எழுதியிருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பீரோவைக் குடைந்து பார்த்தோம். உயில் இல்லை.

அடுத்த வருடம் தங்கைக்கு ஓய்வு. அந்தப் பள்ளியில் பென்ஷன் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வீடு ஒன்றுதான். அதுவும் சட்டப்படி அவளுடையது இல்லை. பணம் என்னுடையது, பெயர் மட்டும் இன்னொருவருடையது என்று கோர்ட்டுக்குப் போவதைப் பினாமிச் சட்டம் தடுக்கிறது. விலக்குகள் உண்டு. அவற்றில் நுழைய ஆதாரம் வேண்டும். பிரிக்காத கவர்களைக் கையில் கொடுத்ததற்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? மிச்சம் இருந்தது ஒரே வழி. அண்ணா பிள்ளை மனமுவந்து அத்தை பேருக்கு செட்டில்மென்ட் எழுதித் தர வேண்டும். அங்கே கான்சலேட்டில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பவர் அனுப்பினால் போதும். மீதியை நான் முடித்துவிடுவேன். அதற்கு முதலில் அவள் அவனைக் கேட்க வேண்டும்.

அவள் கேட்க மாட்டேன் என்றாள். நான் எழுதுகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. "என் பேர்ல வந்தா அது நிக்காது அண்ணா. நன்னா இருக்கிற குழந்தையை எதுக்கு இதுல இழுக்கணும்?" என்றாள். குழந்தைக்கு அப்போது முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. நான் சட்டம் பேசினேன், நியாயம் பேசினேன். மாதக்கணக்கில் பேசினேன். அவளுக்கு எதிரான தீர்ப்பு வேறொரு கோர்ட்டில் வழங்கப்பட்டது. அப்பீலும் அங்கேதான் போட வேண்டும் என்று மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு ஒருவர் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார். கறாரான மனுஷர் என்று கேள்வி. பரிகாரம் எதுவும் சொல்ல மாட்டாராம். அதனாலேயே கூட்டம் இல்லை. தங்கையை இழுத்துக்கொண்டு போனேன். அப்பா கையெழுத்தில் இருந்த கட்டத்தை அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறந்த நேரத்தைக் கேட்டுத் தானும் ஒரு கணக்குப் போட்டார்.

"மகர லக்னம். ரெண்டாம் இடம் கும்பம். ரெண்டு வீடுமே சனியோடது. லக்னாதிபதியே தன ஸ்தானத்துல ஆட்சியா உக்காந்துண்டிருக்கான். இது தரித்திர ஜாதகம்னு யார் சொன்னா?"

"எங்கப்பா" என்றாள் தங்கை.

"ஜோசியரா?"

"ரெவின்யூ இன்ஸ்பெக்டர்" என்றேன் நான்.

"அதான் பாதி ஃபைலைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார்." அவர் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, "லேட்டா வரும்மா. வந்தா போகாது. ஆனா ரெண்டாம் இடம் பணத்துக்கு மட்டும் இல்லை, வாக்குக்கும் அதான். வாயைத் தொறந்து கேட்டாத்தான் உனக்கு வரும்" என்றார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, எதிரே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ இத்தனை வருஷமா நான் ஓரமா நின்னுண்டிருந்தது எதுக்கு அண்ணா?"

பஸ் வந்தது, ஏறினோம்.

அந்த வாரமே அண்ணா பிள்ளைக்குக் கடிதம் எழுதினாள். நான் தயாரித்துக் கொடுத்த வாசகத்தை ஓரம் தள்ளிவிட்டுத் தானே எழுதினாள். கெஞ்சவில்லை. இந்த வீடு என் சம்பளத்தில் வாங்கியது, உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும், என் பெயருக்கு மாற்றித் தா என்று சுருக்கமாக இருந்தது. என் வாசகத்தைவிட நன்றாகவே இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். போஸ்ட் ஆபீசுக்கு இருவரும் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம்.

பிறகு அவளிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. ஓய்வு பெறப்போகும் வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக, தன் பெயரில் ஒரு சேவிங்ஸ் கணக்குத் தொடங்கினாள். எனக்கு அந்தக் கிளையில் கணக்கு இருந்ததால் அறிமுகக் கையெழுத்தை நான் போட்டேன். பாஸ் புத்தகத்தில் தன் பெயர் இருந்த பக்கத்தை வங்கி வாசலிலேயே நின்று படித்தாள். சமையலறைக்கு ஒரு அலமாரி அடிக்க வேண்டும், ஜன்னலுக்குக் கொசுவலை போட வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள். மாற்றல் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். "மாத்தித் தருவான் அண்ணா. தூக்கி வளர்த்த குழந்தை" என்றாள்.

மழைக்காலம் வந்தது. நான் இரண்டு முறை நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அலுவலகப் பழக்கம், முதல் கடிதத்தைச் சுட்டி, நகல் இணைத்து. பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் இயந்திரம் பேசியது. தங்கை ஓய்வு பெற்றாள். பள்ளியில் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். மார்கழியில் இரண்டு பேர் வந்து ஃப்ளாட்டை வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். யாரோ வீடு தேடுகிறவர்கள் போலிருக்கிறது என்றாள். வீடு தேடுகிறவர்கள் உள்ளே வந்து குழாயைத் திறந்து பார்ப்பார்கள். வெளியே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு விலை ஏற்கெனவே படிந்திருக்கும்.

பதில் ஆங்கிலத்தில் டைப் அடிக்கப்பட்டிருந்தது. மரியாதையான கடிதம். தி. நகரில் இருக்கும் மாமனாருக்கு இந்தியா வந்திருந்தபோதே பவர் கொடுத்துவிட்டானாம். அத்தையின் கடிதம் கிடைப்பதற்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு விலை பேசி முன்பணம் வாங்கியாயிற்றாம். இனிப் பின்வாங்குவது முறையில்லையாம். தமிழ் வருடப் பிறப்புக்குள் காலி செய்து கொடுத்தால் போதும், அவசரமில்லை. அத்தை உங்களோடு இருப்பாள் என்று நம்புகிறேன் சித்தப்பா என்று எனக்கு ஒரு வரி. அவளுக்கும் ஒரு வரி இருந்தது. அந்த வீடு உன்னுடையது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோது நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், யோசிக்காமல் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, எதை மூட்டை கட்டுவது, எதைப் போடுவது என்று வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தாள். வாசலில் தெருப் பிள்ளைகள் தகரத் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று போகி.