சல்லடை வளையத்தில் ஒரு பாஞ்சோ

விரல்கள் போய்விடும் என்ற பயம் வந்த பிறகுதான் அந்த வாத்தியத்தைச் செய்ய ஆரம்பித்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் எனக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. குழியில் இறங்கி, ஊறுகிற ஆட்டுத்தோல்களை மிதித்துப் புரட்டி, கையால் வாரி மேலே போட வேண்டும். முதலில் நகக்கண் வெளுக்கும். பிறகு விரல் நுனிகளில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். எனக்கு முன்னால் அந்தக் குழியில் நின்றவர் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் இரண்டாவது தீபாவளி பார்த்ததில்லை. ஒரு பஜனை கோஷ்டியோடு சுற்றிய காலத்தில் தந்தி மீட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த ஒரே தொழில் அதுதான், அதற்கும் விரல் வேண்டும்.

அந்தச் சமயம் ஒரு நாடகக் கம்பெனி ஆம்பூரில் கொட்டகை போட்டிருந்தது. அதன் வாத்தியாரிடம் போய் வேலை கேட்டேன். "வெறுங்கையோட வந்தா எப்படி? அடுத்தாப்ல காவேரிப்பாக்கம் போறோம், தந்தி வாத்தியம் எதுனா எடுத்துக்கினு அங்க வா. மழை புடிச்சா கொட்டகையப் பிரிச்சுக்கினு போய்டுவோம், அதுக்குள்ள வா" என்றார்.

வாத்தியம் வாங்க வழியில்லை. ஆனால் ஒருமுறை ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து பாஞ்சோ வாசித்ததைப் பார்த்திருந்தேன். மேளத்துக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருந்தது. இஞ்சின் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வட்டம், அதன்மேல் தோல், ஒரு கட்டை, கம்பிகள். இவ்வளவுதானே என்று தோன்றியது.

மிட்டாய்க் கடைக்காரர் தூக்கி எறிந்த பெரிய சல்லடையின் மர வளையம் கிடைத்தது. உடைந்த கட்டிலின் சட்டத்தைச் செதுக்கிக் கழுத்து ஆக்கினேன். ஒடிந்த குடைக் கம்பியை நறுக்கி, விரல் அழுத்தும் மெட்டுகளாகக் கழுத்தில் பதித்தேன். சைக்கிள் கடைக் குப்பையில் இருந்த பிரேக் கம்பியைப் பிரித்தால் உள்ளே மெல்லிய இழைகள், அவைதான் தந்திகள். செருப்பு ஆணிகளை வரிசையாக அடித்து வளையத்தில் தோலை இழுத்துக் கட்டினேன். வானம் தினம் சாயங்காலம் கறுத்தது, ஒவ்வொரு முறையும் கொட்டகையைப் பிரித்துவிடுவார்களோ என்று ஆணியை இன்னும் வேகமாக அடித்தேன்.

எங்கள் ஷாப்பில் தோலின் சதையைச் சீவுகிற பாய் ஒருவர் இருந்தார். வாத்தியத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னாபா இது, சல்லடைக்குக் காம்பு வெச்சிருக்கே? மாவு சலிக்கவா, ஈ அடிக்கவா?"

"பாஞ்சோ பாய். தட்டிப் பாருங்க."

தட்டினார். "தலைகாணியில குத்துற சத்தம் வருதே. எந்தத் தோலு போட்டே?"

"நம்ம ஆவாரம்பட்டையில ஊறின நல்ல தோலுதான் பாய்."

"அதான் பேஜாரு. செருப்பு தைக்கிற தோலு செருப்பு மாதிரிதான் சத்தம் போடும்."

தோல் என்றாலே பதனிட்ட தோல்தான் எங்களுக்கு. பதனிடாத பச்சைத்தோலை ஒரு பொருளாகவே யாரும் நினைத்ததில்லை. அடித்த ஆணிகளைப் பிடுங்கினேன். வஜ்ஜிரப் பசை காய்ச்சப் போகிற கழிவுக் குவியலில் ஒரு குட்டியாட்டுத் தோல் துண்டைப் பொறுக்கிக் கொண்டேன். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி அலசி, ஈரத்தோடு இழுத்துக் கட்டி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் சுண்டினேன். கணீரென்றது. பாய் காதை ஒரு தரம் தேய்த்துக்கொண்டார்.

ஷாப்பில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தால் குழியில் வேறு ஆள் நிற்பான், எனக்கு அதுவும் இருக்காது. ரயிலில் வாத்தியத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் என் பலகை மட்டும் காலியாகிவிட்டது. வாத்தியத்துக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தலைப்பாகைக்காரர் ஒருவர் கேட்டார். "துண்டுல இன்னா, கருவாடா?"

"இல்லீங்க, வாத்தியம்."

"எப்போ செத்துச்சு?"

பெட்டியே சிரித்தது. நானும் துண்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு நாற்றமும் தெரியவில்லை. ஏதோ கேலி என்று விட்டுவிட்டேன்.

வாலாஜா ரோடில் இறங்கும்போது தூறல். சட்டையைக் கழற்றி வாத்தியத்தின்மேல் போர்த்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கித் தட்டிப் பார்த்தால், தோல் ஈரக்காற்றில் தொய்ந்து, பழைய தலைகாணிச் சத்தம். அடுப்புப் பக்கம் குந்தி, கருகாமல் தூரமாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மெல்ல இறுகியது.

கடைக்காரர் கத்தினார். "யோவ், அடுப்புல இன்னாத்தைச் சுடுறே? கிராக்கியெல்லாம் எழுந்து ஓடுது பாரு!"

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் கொட்டகைக் கீற்றுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வெற்றிலை மென்றபடி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கேட்கவே பயமாக இருந்ததால் கேட்கவில்லை, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினேன். நுனி வெந்த விரல்களில் கம்பி ஊசியாய் இறங்கியது. வாத்தியாரின் கால் தாளம் போட்டது. கீற்று அவிழ்ப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண் வேஷம் போடுகிறவர் முந்தானை மாதிரித் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வாத்தியாரே, பாட்டு ஜோராத்தான் இருக்குது. ஆனா இங்க எங்கியோ ஆடு செத்துக் கெடக்குது."

வாத்தியாரின் கால் நின்றது. "ஆம்பூர்ல வந்து வேலை கேட்டவன்தானே நீ?"

"நானேதாங்க."

"தோலு வேலையா?"

"ஆமாங்க."

அடுத்த கேள்வி எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பல ஊர்களில் அந்தக் கேள்வியோடு என் வேலை முடிந்திருக்கிறது. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வி வரவில்லை.

"நாளைக்கு நெமிலி. வண்டியில இவங்களோட ஒக்கார முடியாது. பின்னால நடந்து வா. அங்க ஜனங்க மூக்கைப் புடிக்கலேன்னா பார்க்கலாம்."

மாட்டுவண்டிக்குப் பின்னால், காற்று என்னைத் தாண்டி அவர்கள் பக்கம் போகாத தூரத்தில் நடந்தேன். தெருநாய்கள் என் பின்னால் வந்தன. நெமிலியில் திரைக்கு வெளியே, ஓரமாக உட்காரவைத்தார்கள். ஜனங்கள் மூக்கைப் பிடிக்கவில்லை. வாத்தியார் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் வண்டி கட்டும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பின்னால் நடப்பேன்.

சில ஊர்கள் இப்படிப் போயின. விரல் நுனியில் வெள்ளைத்தோல் உரிந்து கீழே சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. ஒரு காலை, சுதி பார்க்கத் துண்டை அவிழ்த்தேன். குபீரென்று ஒரு நாற்றம். அருகில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று எழுந்து சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மடியில் இருந்ததுதான். குழியில் மரத்துப்போயிருந்த மூக்கும் விரலைப் போலத் திரும்ப வந்திருந்தது. ரயிலில் அந்தப் பலகை ஏன் காலியானது என்று அப்போதுதான் தெரிந்தது.

தலை நிமிர்ந்தபோது வண்டி புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எட்டிப் பிடித்த பிறகு, வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.