மூலையில் ஒளிந்த நீலம்

அவளுக்கு அந்தத் தெருவில் கோணலக்கா என்று பெயர். முதுகு நேராகத்தான் இருக்கும், பேச்சும் அப்படித்தான். அவள் பட்டை தீட்டிக் கொடுக்கிற கற்கள்தான் வட்டம், சதுரம் என்று எதிலும் சேராமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரே அறை. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் சுழலும் தட்டு, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஒரு பழைய ஷாம்பு டப்பா. அவ்வளவுதான் தொழிற்சாலை.

அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பல் மருத்துவரிடம் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தாள். அச்சில் வார்த்த மாதிரி வரிசையான பல்லை யாருக்கும் செய்யமாட்டாள். ஒருவருக்கு முன்பல்லில் சின்ன இடைவெளி விடுவாள், இன்னொருவருக்குக் கோரைப்பல்லை லேசாகத் திருப்பி வைப்பாள். "வாய்க்குப் பொருந்தணும்ல" என்பாள். மருத்துவருக்கு இது பிடிக்கவில்லை. வாய்க்காரர்களுக்குப் பிடித்தது. மருத்துவர் கடையைக் கட்டியதும், யாரோ விற்ற பட்டை தீட்டும் இயந்திரத்தை வாங்கிப்போட்டுக் கல்லுக்கு மாறிவிட்டாள். "கல்லு நல்லது. வாயத் தொறன்னு கெஞ்ச வேண்டியதில்ல" என்று லிப்ட் மெக்கானிக்கான தன் கணவரிடம் சொன்னாளாம்.

அவளிடம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஏறி வந்தார். ஒரு கையில் மாத்திரை டப்பா, இன்னொரு கையில் மடக்கு நாற்காலி. டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பட்டாணி அளவில் ஒரு கச்சா நீலக்கல். முப்பது வருஷத்துக்கு முன் எங்கேயோ பயணம் போனபோது வாங்கியது. கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்கு மனைவிக்கு மோதிரம் செய்ய வேண்டும் என்றார்.

"சரி சார், வச்சிட்டுப் போங்க."

"வச்சிட்டுப் போறதா? கல்லு மாறிப் போச்சுன்னா?" என்று நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிட்டார். "முடியற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். தப்பா எடுத்துக்காதம்மா."

"எடுத்துக்கல சார். அந்த ஜன்னல மட்டும் மறைக்காதீங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் வந்தது. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், அதற்குள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் கோணம். பதினாறு பங்காகச் சமச்சீராக வெட்ட வேண்டும் என்றார். கோணலக்கா தாளை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, கல்லை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு, பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்தாள். தண்ணீருக்குள் கல் கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஒரு மூலையில் மட்டும் கொத்துமல்லி விதை அளவுக்கு நீலம்.

"இவ்ளோதான் சார் நீலம். மிச்சமெல்லாம் தண்ணி கலர்."

"வெளிய வச்சுப் பாக்கறப்ப முழுக்க நீலமா இருந்துச்சே."

"அப்படி நடிக்கும்."

வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. வட்டம்தான் வேண்டும் என்றார். அவள் கீழே போய் ஒரு உருளைக்கிழங்கோடு வந்தாள். அவருடைய பேனாவையே வாங்கி, கல்லில் நீலம் இருந்த இடத்துக்கு நேராகக் கிழங்கில் குத்தி மையை இறக்கினாள். பிறகு அவர் தாளில் போட்டபடி வட்டமாகச் சீவிக் காட்டினாள். வெள்ளை வட்டத்தின் ஓரத்தில் பாதி அறுபட்ட நீலக் கறை.

"சட்டைப் பையில பேனா ஒழுகின மாதிரி இருக்கும் சார். அம்மா விரல்ல இதப் போட்டுப் பாருங்க."

அவர் கிழங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழங்கு வேற, கல்லு வேற" என்றார். ஆனால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் நாலு நாள் அவள் கல்லை வெட்டவே இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே நடுநடுவே அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்புவாள், வைத்துவிடுவாள். சாயங்காலமானால் வாத்தியார் கல்லைத் தன்னோடு வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டு வருவார். ஐந்தாம் நாள் மெழுகை உருக்கிக் கல்லைப் பித்தளைக் குச்சியின் நுனியில் ஒட்டினாள். வாத்தியார் கண் கொட்டாமல் பார்த்தார். அவர் பார்க்கிற பார்வை அவளுக்கு முதுகில் அரித்தது. ஆறாம் நாள் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. திடீரென்று மேசைக்கடியில் குனிந்து, "கல்லக் காணோம் சார்" என்றாள்.

வாத்தியார் நாற்காலியிலிருந்து இறங்கி மண்டிபோட்டுத் தவழ ஆரம்பித்தார். கால்மணி நேரம். இரண்டு ஹேர்பின், ஒரு பட்டன், போன ஜென்மத்துத் தொழிலிலிருந்து தங்கிப்போன ஒரு கடைவாய்ப்பல் எல்லாம் கிடைத்தன. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், கல் குச்சியில் ஒட்டியபடி அவள் கையில் இருக்கிறது.

அன்று முழுக்க அவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டு முறைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இதைக் கேட்ட கணவர், "வயசான மனுஷனத் தரையில தவழ விட்டிருக்கியே, நாளைக்கு வருவாரா?" என்றார். அவளுக்கும் கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே படியில் நாற்காலி இடிபடும் சத்தம் கேட்டதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்து, "இன்னிக்குத் தொலைச்சன்னா நீயே தேடிக்கோ" என்றார்.

அதற்குப் பிறகு ஷாம்பு டப்பாவில் தண்ணீர் நிரப்புவது அவர் வேலையானது. கோண அளவை அவர் படிப்பார், அவள் திருப்புவாள். கல்லின் வெளிக்கோடு மெல்லப் புலப்பட்டது. ஐந்து பக்கம், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. "இதுக்குக் கணக்குல பேரே கிடையாது" என்றார் வாத்தியார். "வச்சிடலாம் சார்" என்றாள் அவள்.

பதினோராம் நாள் மெழுகை நீக்கிக் கழுவி, கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கல் முழுக்க நீலம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு வெளிறின இடம்கூட இல்லை. அவர் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். பிறகு வாத்தியார் புத்தி விடாமல் கல்லைப் பக்கவாட்டில் திருப்பினார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நிறமே இல்லை.

"ஏம்மா, கல்ல மாத்திட்டியா?"

"எப்ப சார் மாத்தறது? நீங்க எப்ப கண்ண மூடினீங்க?"

அந்த விதையளவு நீலத்தை அடி நுனியில் வரும்படி வைத்திருப்பதாக அவள் சொன்னாள். மேலே இருந்து போகிற வெளிச்சம் அங்கே தொட்டுத்தான் திரும்பியாக வேண்டும். அதனால் திரும்புகிற வெளிச்சமெல்லாம் நீலத்தோடு வருகிறது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவனுக்கு அது பிடிகொடுக்காது. வாத்தியார் பழைய தாளின் பின்பக்கத்தில் அரைமணி நேரம் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் சிரித்தார். நாற்பது வருஷம் கரும்பலகையில் கோணம் வரைந்தவர், கோணத்தைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என் வீட்டம்மாகிட்ட இத நீ சொல்லிடாத. நான் பாத்துக்கறேன்" என்று நாற்காலியை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். விரலில் மோதிரம் இருந்தது.

"முதல்ல நேரா காட்டினார். அப்புறம் பக்கமா திருப்பி, ஐயோ சாயம் போயிடுச்சேன்னார். எனக்குப் பாத்தவுடனே புரிஞ்சிடுச்சு. இருந்தாலும் பயந்த மாதிரி நின்னேன். இதுவரைக்கும் நாலு தடவ பயந்தாச்சு."

"பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்ப" என்று விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய்ப் படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "பதினோரு நாள் வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? குக்கர் விசில எண்ண ஆள் இல்ல. துணிய ஏன் இப்படி மடிக்கற, அப்படி மடிச்சா நாலு மடிப்பு மிச்சம்னு சொல்ல ஆள் இல்ல. ரெண்டு நாவல் படிச்சு முடிச்சேன்." கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "கடையில இருக்கறதுலயே சிக்கலான கல்லா குடுங்கன்னு கேட்டு வாங்கினேன்."

கோணலக்கா அதைத் தண்ணீரில் போட்டாள். வெள்ளைப் படிகக்கல். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பொன்னிறத்தில் ஊசி ஊசியாக ஓடியது. நடுவில் ஒரு விரிசல்.

"ரெண்டு மாசம் ஆகும்மா."

"மூணா ஆக்க முடியாதா?"

மறுநாள் மடக்கு நாற்காலி திரும்ப வந்தது. இந்தத் தடவை கல்லைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை, கருத்து இருந்தது. ஊசிகளை மறைத்துவிட வேண்டும் என்று அவர். அவை தெரிவதற்காகத்தான் இந்தக் கல்லே இருக்கிறது என்று அவள். ஒரு வாரம் சண்டை. கடைசியில் ஊசிகளுக்கு நேராக மேலே ஒரே அகலமான பட்டை என்று முடிவானது. அந்தப் பட்டையைத் தீட்ட அவரையே உட்காரச் சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, ஒரு காலைப்பொழுது முழுக்கத் தீட்டினார். முடித்ததும் லென்ஸ் வைத்து அதை ஒன்பது கோணத்தில் பார்த்து, "சரியா இருக்கு" என்றார்.

சரியாக இல்லை. இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. கோணலக்கா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி போனில் பேசியபோது மட்டும் சொன்னாள்.

"அம்மா, சார் தீட்டின பட்டை கொஞ்சம் சாஞ்சிருக்கு. அப்படியே விட்டுடட்டா? பாக்கறவங்களுக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் புத்தகத்தில் ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"சொல்லிடுங்க" என்றார் அந்த அம்மா. "அவரே சரி பண்ணட்டும்."