மாமா வந்தால் கோல்

மாமா வீட்டுக்கு வந்தால் எங்கள் அணி தோற்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பா.

மாமா அம்மாவின் தம்பி. திருகோணமலையிலிருந்து வந்து, டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலையாக விமானங்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மொன்றியலில் எங்களை விட்டால் அவருக்கு வேறு ஆளில்லை. ஐஸ் ஹாக்கி அவருக்கு விளங்கவே விளங்காது. சிவப்புச் சட்டைக்காரர்தான் எங்கள் நகரத்து ஆட்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும், "இப்ப அடிச்சது எங்கடை ஆக்களோ?" என்று கேட்பார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் அணி பிளேஓஃப் சுற்றுக்குள் நுழைந்திருந்தது. ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை போகும். முதலில் நான்கை வெல்பவர் மேலே போவார். அதில் மூன்று ஆட்டங்களின்போது மாமா வந்தார். மூன்று முறையும் அவர் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் எதிரணி கோல் அடித்தது. மூன்றிலும் தோற்றோம்.

"உம்மடை தம்பி படியேறினாலே எங்களுக்குக் கோல் விழுது," என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஆறாவது ஆட்டத்தன்று அவர் கூடத்துப் பக்கமே வரவில்லை. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஒரு மூலையில் இருந்தார். வென்றோம். அப்பாவுக்கு அது பகிடி. நான் அதை அப்படியே நம்பினேன்.

ஏழாவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்தார். வேலை முடியும்வரை போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நான் தனியாக, என் சிவப்புச் சட்டையோடு, காலை எட்டு மணியிலிருந்தே தயாராக இருந்தேன்.

கடைசிப் பகுதி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. எங்கள் கோல் காப்பாளர் விழுந்து, உருண்டு, ஒவ்வொரு அடியாகத் தடுத்துக்கொண்டிருந்தார். நான் சாமியறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டபோது, வெளியே இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் வீடு இரண்டாம் மாடி. தெருவிலிருந்தே படி நேராக எங்கள் கதவுக்கு ஏறும். ஒரு காலை மெல்ல இழுத்து ஏறும் அந்தச் சத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்தேன். மணி அடித்தது. மூச்சுவிடாமல் இருந்தேன். மறுபடியும் அடித்தது.

"பிள்ளை, நான் மாமா."

நான் அசையவில்லை.

"விளையாட்டுப் போகுது போல," என்றார். "நான் உள்ளுக்கை வரேல்லை, பிள்ளை. கதவை மட்டும் திற. அம்மா வருமட்டும் இதிலை இருக்கிறன்."

கதவைத் திறந்தாலே போதும், கோல் விழுந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. திரையில் எங்கள் ஆட்கள் பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையைத் தங்கள் எல்லையிலிருந்து வெளியேற்ற முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். போங்கோ மாமா, போங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். அவர் மேல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். பனியும் மழையும் கலந்து பெய்து, அவருடைய தலைமயிர் நனைந்து ஒட்டியிருந்தது. தொப்பி போட்டிருக்கவில்லை.

ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் அடிப்பவர் வெற்றி. நான் அடுத்த முறை பார்த்தபோது படியில் யாரும் இல்லை. தப்பினோம் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரணிக்காரன் ஒருவன் எங்கோ பார்த்து அடித்தது, எங்கள் ஆளின் சப்பாத்தில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. பிரெஞ்சு அறிவிப்பாளர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் தரையில் குப்புறப் படுத்து அழத் தொடங்கினேன். அப்படி ஒரு அழுகையை அதற்கு முன் நான் அழுததில்லை.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவரும் அழுதுகொண்டுதான் வந்தார். திருகோணமலையில் பெரியம்மா, இங்கு காலையாக இருந்தபோது, மாரடைப்பில் இறந்துவிட்டார். தாய் இல்லாத அம்மாவையும் மாமாவையும் வளர்த்தவர் அந்த அக்காதான். பஸ்ஸில் அம்மா போனைத் திறந்ததும் ஊரிலிருந்து யாரோ கூப்பிட்டு, "தம்பிக்கு அப்பவே சொல்லிட்டம், உனக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவில், கம்பியைப் பிடித்து நின்றபடி அம்மா அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறார்.

பின்னேரம் வீடு சனத்தால் நிறைந்தது. வீங்கிய என் முகத்தைப் பார்த்து ஒரு மாமி, "பெரியம்மாவிலை எவ்வளவு பாசம் பாருங்கோ," என்று அணைத்துக்கொண்டார். நான் பெரியம்மாவைக் கண்டதே இல்லை.

மாமா வந்தபோது அம்மா எழுந்து நின்றார்.

"உனக்கு முதலே தெரியும். ஏன் வந்து என்னோடை நிக்கேல்லை? பிள்ளை வீட்டிலைதானே நிண்டவள்?"

மாமா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"சொல்லத் தைரியம் வரேல்லை அக்கா. அறையிலை படுத்திட்டன்."

"படுத்திட்டியோ?" என்றார் அம்மா. "அவ உன்னைத் தூக்கி வளர்த்தவ. நீ படுத்திட்டாய்."

யாரும் மாமாவை இருக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில், வேலைக்கு நேரமாகிறது என்று முனகிவிட்டு வெளியேறினார். அடுத்த கோடையில் வான்கூவருக்குப் போய்விட்டார். அம்மா வழியனுப்பப் போகவில்லை. இன்றுவரை கோழை என்றுதான் அவரைச் சொல்கிறார். அன்று அவர் வந்தார், நான்தான் கதவைத் திறக்கவில்லை என்று பதினைந்து வயதில் சொல்லியிருக்கலாம், இருபதில் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு முன்னால் வாயைத் திறந்து, ஒவ்வொரு முறையும் வேறு எதையோ கதைத்திருக்கிறேன்.

அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது, அதுதான் உண்மை. மாமா ஏதோ தன் பயத்துக்குப் பொய் சொல்கிறார், அதில் நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைச் சுற்றி இருந்து அழுதார்கள். செத்துப்போனது மாமாவுக்கும் அக்கா என்பது, அவர் அந்தப் படியிறங்கிப் போன பிறகும், எனக்குத் தோன்றவே இல்லை.