மேட்டுக்கு அப்பால் நின்ற ஆள்

இது நடந்தது. கதை கட்டி எனக்குப் பழக்கமில்லை. நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்த்தவன். நம்பாதவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

1990, பிப்ரவரி. தாம்பரத்துக்கும் திருநீர்மலைக்கும் நடுவே அப்போது ஒரு கால்ஃப் மைதானம் இருந்தது. பெயர் வேண்டாம். பாறை, முள், ஏரி என்று ஆளைப் பாடாய்ப் படுத்தும் இடம். தரை மலைப்பக்கம் சரிகிற மாதிரி தெரியும். பந்து ஏரிப்பக்கம் ஓடும். உள்ளூர் ஆள் வழி சொல்லாமல் அங்கே யாரும் ஜெயித்ததில்லை. அதனால்தான் என் மட்டைப் பையைத் தூக்க சவுரிமுத்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். பம்மல்காரர், அந்த மைதானத்திலேயே வளர்ந்தவர். எனக்கோ வருஷக்கணக்காகக் கை நழுவிய கோப்பை. முதுகு வலி வேறு ஆரம்பித்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை விட்டால் அப்புறம் இல்லை.

ஐந்தாவது குழியில் சவுரிமுத்து சொன்னார்: “நேரா அடிக்காத சார். பனமரம் கீது.”

எதிரே வெட்டவெளி. பகலிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாரோ என்று எனக்கு எரிச்சல். வேண்டுமென்றே நேராக அடித்தேன்.

டொக்.

பந்து வெறும் காற்றில் மோதி, அப்படியே கீழே விழுந்தது...

எதிராளி டாக்டர் முள்ளுக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. மரத்தை வெட்டி நாலு வருஷம் ஆகிறது என்றார் சவுரிமுத்து, சாதாரணமாக.

“இங்க இருந்தது எதுவும் போவல சார்.”

அதற்கப்புறம் நான் எதிர்த்துப் பேசவில்லை. தூர்ந்துபோன கிணற்றைச் சுற்றி அடிக்கச் சொன்னார், அடித்தேன். இல்லாத வேலிக்கு மேலே தூக்கச் சொன்னார், தூக்கினேன். ஒரு பந்துகூட வீணாகவில்லை. பயம்தான். ஆனால் ஜெயிக்கிற வெறி அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசிக் குழி. மாலை 5.40. டாக்டரும் நானும் சமம். எதிரே ஒரு மேடு, அதற்கு அப்பால் குழி. முன்பெல்லாம் அங்கே ஓர் ஆள் சிவப்புத் துணியோடு நிற்பார். அவர் துணியை ஆட்டினால்தான் இந்தப் பக்கம் அடிக்கலாம். யாருக்கோ அடிபட்டதும் கிளப் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது.

சவுரிமுத்து என் கையைப் பிடித்தார்.

“பொறு சார். ஆள் நிக்கிறான்.”

மேடேறிப் பார்த்தேன். புல். ஏரி. ஒருவரும் இல்லை.

“மத்த நாள்ல துணிய ஆட்டுவான் சார். இன்னிக்கு ஆட்டல.”

டாக்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆறு மணிக்குள் அடிக்காவிட்டால் ஆட்டம் அவருக்கு.

“வேணாம் சார். அவன் என் தம்பி.”

காதில் நன்றாக விழுந்தது. விழுந்தும்...

அடித்தேன்.

பொத்.

மரத்தில் பட்ட சத்தம் இல்லை அது.

“அம்மா...”

குரல் வந்த மேட்டுப்பக்கம் ஓடினேன். யாரும் இல்லை. குழியை ஒட்டிப் பந்து கிடந்தது.

திரும்பினேன். பை தரையில். சவுரிமுத்து ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

கோப்பை எனக்கு.

செத்துப்போன தம்பியின் ஆவி என்றுதான் நினைத்தேன். செத்தவனுக்கு என்ன வலிக்கப்போகிறது என்று ஒரு வாரம் என்னையே தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு சவுரிமுத்து வேலைக்கு வரவில்லை. பம்மலில் வீட்டைத் தேடிப் போனேன்.

வாசலில் இன்னும் பிரிக்காத பந்தல்.

தம்பி மனைவி ஜெயசீலிதான் பேசினாள். அவள் புருஷன் எலியேசர்தான் அந்தத் துணி ஆட்டும் ஆள். மேட்டுக்கு அப்பால் தலையில் பந்து பட்டு விழுந்தது 1981இல். ஆனால் சாகவில்லை. ஒன்பது வருஷம் பேச்சில்லாமல், நினைவில்லாமல் பாயில் கிடந்தார். கஞ்சி ஊற்றினதும் குளிப்பாட்டினதும் அவள்தான்.

போன ஞாயிறு சாயங்காலம் “அம்மா” என்றாராம். பேச்சு வந்துவிட்டது என்று அடுப்படியிலிருந்து சந்தோஷமாக ஓடி வந்திருக்கிறாள். காதில் ரத்தம். அதோடு முடிந்தது.

“அப்போ நான் யாருக்கும் சொல்லி அனுப்பவே இல்ல சார். இவரு அண்ணன் மூச்சு வாங்க ஓடியாந்தாரு. உள்ள வரல. வாசல்லயே குந்திகினு, ‘போயிட்டானா’ன்னு கேட்டாரு. அவருக்கு எப்டி சார் தெரியும்?”